இத்தாவில் வாங்கிய வீஜீஏ காட்

கணவர் மௌத்தாகி நான் இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் குர்ஆன் ஓதினேன், தஸ்பீஹ் உருட்டினேன், அழுதேன். அதோடு கம்பியூட்டருக்கு ஒரு வீஜீஏ காட்டும் வாங்கினேன். முதல் மூன்றையும் ஊர் நம்பியது. நாலாவதைக் கேட்டவர்கள் எல்லாரும் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். என்னைப் பெற்ற உம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இந்த இத்தா எங்கள் பக்கத்தில் லேசான காரியமல்ல. வாசற்படி தாண்டக் கூடாது. அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. என்னுடைய வாசற்படியோ சுனாமிக்குப் பிறகு கல்முனைக்குடியில் கட்டிக்கொடுத்த தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று, மூடினால் புழுக்கம். உம்மா என்னோடு வந்து தங்கியிருந்தார். தம்பி காலையும் மாலையும் வந்து சாமான் வாங்கித் தந்துவிட்டுப் போவான். மண்டபத்து மூலையில், வெள்ளைத் துணி போர்த்தியபடி என் கணவருடைய கம்பியூட்டர் இருந்தது.

அவர் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு லொறி ஓட்டினார். அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகியங்கனை மலையேறி, கண்டி போய், கொழும்பு போய்த் திரும்புவார். பதினைந்து வருடம் ஓட்டினார். லொறி ஆலைக்காரருடையது. அதன் நெற்றியில் ஆலைக்காரரின் மகளுடைய பெயர் பெரிதாக எழுதியிருக்கும். நானோ அம்பாறையைத் தாண்டியதில்லை. பஸ்ஸில் ஏறி மூன்று மைல் போனால் குடலே வாய்க்கு வந்துவிடும்.

"பதினெட்டு வளைவு புள்ள. ஒவ்வொண்டிலயும் கிறுகக்குள்ள கீழ பாத்தா உசிரு போயிரும்" என்பார்.

"கீழ ஏன் பாக்கிறீங்க? றோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பேன். எனக்கு வாய் அப்படி. அவர் சிரிப்பார்.

ஒருநாள் லொறியில் அரிசிக்குப் பதிலாக இந்தக் கம்பியூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். கட்டாருக்கு வேலைக்குப் போகவிருந்த ஒருவர் விற்றதாம். கேம் விளையாடுவதற்கென்றே பாகம் பாகமாகப் பூட்டிய பெட்டி. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நீல லைட். பார்க்கப் பகட்டுத்தான். ஆனால் அது அப்போதே கிழடு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு இது எதற்கு என்று சண்டை பிடித்தேன்.

"உன்ன ஊர் பாக்கக் கூட்டிப் போறன். இதுல போனாச் சத்தி வாந்தி வராது" என்றார்.

அதற்குள் ஒரு லொறிக் கேம் இருந்தது. எந்தத் தேசத்து றோட்டு என்று இருவருக்கும் தெரியாது. வலப் பக்கத்தால் ஓடும் தேசம். "மடப் பயலுகள், பிழையான பக்கத்தால ஓடுறானுகள்" என்று அவர் முதல் ஒரு வாரம் திட்டிக்கொண்டே ஓட்டினார். வீட்டில் நிற்கும் நாட்களில் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து உட்காருவார். பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு நான் இருப்பேன். நாள் முழுக்க லொறி ஓட்டிய மனிதன் வீட்டுக்கு வந்தும் லொறி ஓட்டினார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்காகத்தான் ஓட்டினார். பின்னால் ஏற்றியிருப்பது என்ன சாமான் என்று இங்கிலீசில் எழுதியிருக்கும், விளங்காது. "அரிசி எண்டு வச்சுக்குவம்" என்பார்.

அந்த றோட்டு முழுக்கப் பனி. லொறிக்கு முன்னால் ஒரு ஐம்பது முழம் தெரியும். அதற்கு அங்கால் வெள்ளை. மரம் ஒன்று வெள்ளைக்குள் இருந்து திடீரென்று வரும், போகும். "மகியங்கனை மலையில விடிய சுபஹுக்குப் போனா இப்பிடித்தான் புள்ள, அச்சொட்டு" என்பார். மூன்று வருடம் அந்தப் பனிக்குள் ஓடினோம். எனக்கு அது பிடித்திருந்தது. குளிராக இருப்பது மாதிரிக் கூட இருக்கும்.

லொறியை வெளியே நின்று பார்ப்பதற்கும் ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் லொறியின் நெற்றியில் ஒரு பலகை தெரியும். பலகையா அது, மஞ்சளாய் ஒரு அழுக்கு. "என்ன எழுதியிரிக்கி?" என்று ஒருமுறை கேட்டேன். "கொம்பனிப் பேராக்கும்" என்று ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு பொத்தானை மறுபடி அமுக்கிவிட்டார்.

இங்கே வீட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. வாப்பா மகளுக்கு வீடு கட்டி எழுதிக் கொடுப்பார், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். எனக்கும் கடற்கரையோரம் ஒரு வீடு இருந்தது, என் பெயரில். கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தோம். திரும்பி வந்தபோது கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. பிறகு இந்த மாடி வீட்டைத் தந்தார்கள். பதிவுக்கு வந்தவர்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டு, அவருடைய பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். நான் அன்றைக்கு ஆடிய ஆட்டம் கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும். என்னைவிட அவருக்குத்தான் அது உறுத்தியது. வெட்கப்பட்டார், சத்தியமாக வெட்கப்பட்டார்.

"உன்ட ஹக்கு, உன்ட உரிமை, என்ட பேருல கிடக்கு. எனக்குச் சோறு இறங்குதில்ல" என்றார். "பாத்துக்க, ஒரு நாளைக்கு ஒரு லொறி வாங்கி உன்ட பேருல எழுதுறன்."

"நுளம்பு கடிக்கி, முதல்ல நுளம்புத் திரி வாங்கிட்டு வாங்க" என்றேன்.

கடைசியாக அவர் அந்தக் கேமில் உட்கார்ந்தது தை மாதத்து மழை நாள். மலையேறிக்கொண்டிருந்தார். பாதியில் பொழுதுபட்டு மகுரிபுக்குப் பாங்கு சொன்னது. றோட்டோரமாக லொறியை நிறுத்தி, சேவ் பண்ணி வைத்துவிட்டு, "தொழுதுட்டு வந்து மிச்சத்த ஓடுவம்" என்று எழும்பினார். பள்ளியில் இருந்து வரும்போதே ஆலையில் இருந்து போன் வந்துவிட்டது. உடனே போனார். அடுத்த நாள் மலையில் வைத்து நெஞ்சு நோவு. அந்த நோவோடும் லொறியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். ஜனாஸாவாகத்தான் வீட்டுக்கு வந்தார். ஆலைக்காரர் வேறு றைவரை அனுப்பி, ஒரு மூட்டை குறையாமல் கொழும்பில் இறக்குவித்தார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து வந்தவர்கள் போன பிறகு, கம்பியூட்டரின் துணியை எடுத்தேன். அவர் போடும் விதத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகியிருந்தது. கேம் திறந்தது. ஸ்டியரிங் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே பனி. லொறி அவர் விட்ட இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. மேல் மூலையில் அந்தச் சாமானின் பெயர் இன்னும் எழுதியிருந்தது. அவர் எண்ணப்படி அரிசி.

மெய்யான சுமையை இன்னொருவர் கொண்டுபோய் இறக்கிவிட்டார். இதை யார் இறக்குவது?

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். எங்களுக்கு அமானிதம் என்று ஒன்று உண்டு. ஒருவர் நம்பித் தந்த பொருளை உரிய இடத்தில் ஒப்படைக்காமல் மௌத்தாகக் கூடாது. மௌத்தானால் வீட்டார் ஒப்படைக்க வேண்டும். இது விளையாட்டுச் சாமான், உள்ளே அரிசியும் இல்லை தவிடும் இல்லை என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பியைப் பள்ளிவாசல் மௌலவியிடம் அனுப்பி, இதை நான் இறக்கத்தான் வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். அவன் போகமாட்டேன் என்று நின்றான். என் வாய்க்குப் பயந்து போனான். வந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னான்:

"ராத்தாவுக்குத் திக்ரு, தஸ்பீஹக் கூட்டிச் செய்யச் சொன்னாரு."

"அத நான் அவர்ட்டக் கேக்கல்ல" என்றேன்.

அடுத்த நாள் காலை உட்கார்ந்தேன். பிஸ்மி சொல்லி, லொறியை நகர்த்தினேன். பத்து முழம் போயிருக்காது. திரையில் பச்சையும் ஊதாவுமாகச் சதுரம் சதுரமாக எழும்பியது. பிறகு கோடு கோடாக. பிறகு கறுப்பு. பெட்டி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனை தரம் போட்டாலும் கறுப்புத்தான். தம்பி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். படம் கீறும் காட், அதைத்தான் வீஜீஏ என்பார்கள், அதன் ஃபேன் உப்பும் தூசும் இறுகி நின்றுபோயிருந்தது. பக்கத்தில் இரண்டு கப்பாசிட்டர் வீங்கி வெடித்திருந்தன.

"காட் மௌத்து" என்றான். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு கல்முனைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினான். எல்லாரும் ஒரே கதை. இந்தக் காட் பூட்டும் வாய் பழைய வாயாம், இப்போது வருகிற காட் ஒன்றும் இதற்குப் பூட்டாதாம். மதர்போட்டை மாற்ற வேண்டும். மாற்றி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவார்களாம்.

"அழிச்சா அவர்ர லொறி?"

"அதும் போயிரும் ராத்தா."

"அழிக்கிறன் எண்டு ஆரும் இந்தப் பெட்டியில கை வச்சா, இத்தாவும் பாக்க மாட்டன், படியிறங்கி வருவன் எண்டு சொல்லு."

உம்மா தலையில் கை வைத்தார். "இத்தாவில இரிக்கிற பொண்டுக்கு விளையாட்டுக் கேக்குதோ?"

"விளையாட்டில்ல உம்மா. வேல."

கடைசியில் ஒரு கடைக்காரர் மட்டும், பொறுங்க, கொழும்பில் தெரிந்தவரிடம் பழைய வாய்க் காட் இருக்கும், எடுப்பிக்கிறேன் என்றார். பார்சல் பஸ்ஸில் வந்தது. அந்தச் சண்டைக் காலத்தில் வயரும் கம்பியும் உள்ள எந்தச் சாமானும் சோதனைச் சாவடியைச் சும்மா தாண்டாது. ஒரு ஆமிக்காரர் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இறக்கி வைத்துக்கொண்டாராம். கடைக்காரர் நேரில் போய், இது படம் காட்டுகிற சாமான் என்று நெற்றி வேர்க்க விளங்கப்படுத்தி எடுத்து வந்தார். எங்கள் பெட்டியின் பவர் சப்ளையைப் பார்த்துத்தான் பூட்டலாம் என்று வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்.

மண்டபத்தில் அவரும் தம்பியும். அறை வாசலில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் நான். முகம் தெரியாத மனிதரோடு திரைக்குப் பின்னால் இருந்து பேரம் பேசுவது எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. புடவை வியாபாரியிடம் பேசியிருக்கிறேன். வீஜீஏ காட்டுக்கு அதுதான் முதல் தடவை.

"ராத்தா, ரெண்டு காட் இரிக்கி" என்றார் கடைக்காரர். "ஒண்டு சின்னது. ஃபேன் இல்ல, சத்தமில்ல, கறன்ட் கனக்கக் குடிக்காது. பூட்டினா ஓடும். மற்றது பெரிசு. அந்த நேரம் ராஜா மாதிரி இருந்த காட். அதுக்குப் பவர் சப்ளையில இருந்து தனியா ஒரு வயர் குடுக்கணும். உங்கட பவர் சப்ளை பழசு. தாங்கினாச் சரி. தாங்காட்டிப் புகையும். புகைஞ்சா ஹாட் டிஸ்கையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

"புதுப் பவர் சப்ளை போட்டா?"

"கல்முனையில இப்ப இரிக்கிறதெல்லாம் உங்கட பழச விட மோசம். வெளியில எழுதியிரிக்கிறதில பாதியும் உள்ளுக்க இரா."

"லொறி நிக்கிற இடத்தக் கொப்பி எடுத்து வைக்க ஒண்ணாதா?"

அவர் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். கொப்பி எடுக்கும் வாயெல்லாம் உப்புப் பூத்துப் பச்சையாகிக் கிடந்தது. ஹாட் டிஸ்கைக் கழற்றித் தாருங்கள், கடைக்குக் கொண்டுபோய்க் கொப்பி எடுத்துத் தருகிறேன் என்றார்.

"அது இந்த வாசல் தாண்டாது" என்றேன். "நானே தாண்டாம இரிக்கன்."

புத்தியுள்ள பெண் கொடுத்தனுப்பியிருப்பாள். எனக்குக் கை வரவில்லை. ஒன்றை வாசலுக்கு வெளியே அனுப்பி அது திரும்பி எப்படி வந்தது என்று பார்த்தவள் நான்.

"அப்ப சின்னதப் பூட்டுங்க" என்றேன். "நான் என்ன றேஸா ஓடப் போறன்? லொறி. அதும் பனிக்குள்ள."

"பனியா?" என்றார் கடைக்காரர். "எந்தப் பனி?"

"மலையில. றோட்டெல்லாம் வெள்ளையா."

"ராத்தா, அந்தக் கேம் நானும் ஓடியிரிக்கன். அந்த மலையில பனி இல்ல."

நான் விரிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கட பழைய காட்டுக்கு ஏலாம ராத்தா. தூரத்துல இரிக்கிறதக் கீற ஏலாட்டி, வெள்ளையால மூடி விட்டிரும். அங்கால எல்லாம் இரிக்கி. திரையில காட்டத்தான் அதுக்கு ஏலாது. சின்னதப் போட்டாலும் அந்த வெள்ளை இரிக்கும். பெரிசு எண்டா எல்லாம் தெரியும், தூரத்து றோட்டுப் பலகையில எழுத்துக் கூட வாசிக்கலாம்."

மூன்று வருடம்! குளிர்கிறது என்று கூட நினைத்தேனே! இரண்டு பேரும் கதிரை போட்டு உட்கார்ந்து, இல்லாத பனியைப் பார்த்து மகியங்கனை என்று கதைத்திருக்கிறோம். அதற்கு அங்கால் ஒரு உலகமே இருந்திருக்கிறது, அவர் அதைப் பார்க்காமலே போய்விட்டார். நாளைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்று கடைக்காரரை அனுப்பினேன்.

சின்னதைப் போட்டால் சுமை போய்ச் சேரும், அது நிச்சயம். பெரியதைப் போட்டால் அவர் ஓடிய இடம் எது என்று தெரியும். ஆனால் பவர் சப்ளை புகைந்தால் லொறியும் இல்லை, சுமையும் இல்லை, அவர் கடைசியாகத் தொட்ட இடமும் இல்லை. இதைத் தம்பியிடம் கேட்டால் சின்னது என்பான். உம்மாவிடம் கேட்டால் இரண்டும் வேண்டாம் என்பார். அன்று மதியம் லுஹருக்குப் பிறகு, எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்கும் இஸ்திகாரா இரண்டு ரக்அத் தொழுதேன். என் ஆயுளில் நான் இஸ்திகாரா தொழுதது இரண்டு தரம். ஒன்று மாப்பிள்ளைக்கு, மற்றது வீஜீஏ காட்டுக்கு. துஆவில் காரியத்தைச் சொல்ல வேண்டுமல்லவா? "யா அல்லாஹ், ஃபேன் உள்ள அந்தப் பெரிய காட் எனக்கு நலவென்றால் அதை எனக்கு லேசாக்கித் தா" என்று சொல்லியே கேட்டேன். பிறகு ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். கனவு ஒன்றும் வரவில்லை. எழும்பியபோது மனம் பெரியதன் பக்கம் நின்றது. மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் நடந்தது. நான் பிழைபோகவில்லை.

அடுத்த நாள் வியாழக்கிழமை, அசருக்குப் பிறகு கடைக்காரர் வந்தார். பழைய பெட்டியின் வாயை அழிறப்பரால் தேய்த்துத் துப்புரவாக்கும் சத்தம் கேட்டது. திருகாணி முறுகும் சத்தம். "வயர் குடுத்தாச்சு. போடட்டா ராத்தா?" என்றார். நானும் பிஸ்மி சொன்னேன், தம்பியும் சொன்னான். சுவிட்ச் போட்டார். புது ஃபேன் ஊதிக்கொண்டு எழும்பியது.

புகை மணம் வந்தது.

"ஓஃப் பண்ணுங்க! ஓஃப் பண்ணுங்க! புகையுது!" என்று நான் கத்திய கத்தில் கடைக்காரரின் திருகாணி முறுக்கி விழுந்தது.

"என்னத்துக்குக் கத்துறாய்?" என்றார் உம்மா. வியாழன் அந்தியோடு எங்களுக்கு வெள்ளி இரவு தொடங்கிவிடும், அதற்குச் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் இருந்து வந்துகொண்டிருந்தார்.

தம்பி சிரிக்கத் தொடங்கி, அடக்க முடியாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். நானும் திரைக்குப் பின்னால் சிரித்தேன். அவர் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல்.

மறுபடி போட்டார்கள். செட்டிங்கில் எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னார். கேமைத் திறந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த தம்பியின் சத்தம் நின்றது. பிறகு உம்மாவின் குரல் மட்டும் கேட்டது, மெதுவாக.

"ஸுப்ஹானல்லாஹ்."

என்ன என்று பார்க்க முடியாமல் நான் விரிப்புக்குப் பின்னால் நின்று துடித்தேன். பொறுக்க ஏலவில்லை. "கடைக்காரத் தம்பி, உங்களுக்கு மகுரிபுக்கு நேரமாகுது. பள்ளிக்குப் போக வேணாமா?" என்று கடைக்காரரைக் கலைத்தேன். பாவம், தேத்தண்ணீரும் முழுதாகக் குடிக்கவில்லை. படியிறங்கும் சத்தம் கேட்டதும் விரிப்பை விலக்கினேன்.

பனி இல்லை.

லொறி நின்றது ஒரு மலையின் தோளில். கண்ணாடிக்கு வெளியே றோட்டு இறங்கிப் போய், வளைந்து, மறுகா வளைந்து, தூரத்தில் நூலாகி, அதற்கும் அப்பால் ஒரு குளத்தின் கரையால் ஓடியது. சாகாமக் குளத்தை விடப் பெரிய குளம். அதன் மேல் வெயில் கிடந்தது. குளத்துக்கு அங்கால் மலை, மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாய் இன்னொன்று. எதிர் மலையில் எறும்பு மாதிரி ஒரு லொறி ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஓரமாக நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் பெரிய பள்ளம். அவருக்கே அது தெரியாது. நான் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன், அவருடைய கதிரையில் அல்ல. கண்ணை எடுக்க முடியவில்லை. அழுகை வந்தது, அதற்கும் மேலால் ஒரு பூரிப்பு வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "பாருங்களன், பாருங்களன்" என்று வாய்விட்டே அவரிடம் சொன்னேன். தம்பி வேறு பக்கம் பார்த்தான்.

"இந்த றோட்டெல்லாம் ஆர் போட்ட?" என்றார் உம்மா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஓடினேன். ஓடினேன் என்பது பெரிய சொல். முட்டினேன், உரசினேன், ஒருமுறை மதகில் ஏறி நின்றேன். ஒவ்வொரு நாளும் கொஞ்ச தூரம் போய்ச் சேவ் பண்ணுவேன். என் பழைய கதிரையில் இப்போது உம்மா. விளையாட்டு என்று ஏசியவர், "கிறுகு மகள், கிறுகு! மறுகா என்னத்துக்குப் பள்ளத்தப் பாக்கிறாய்?" என்று ஏசத் தொடங்கினார். கணவரிடம் நான் அன்று சொன்னதை அல்லாஹ் உம்மாவின் வாயால் எனக்கே திருப்பிச் சொல்லவைத்தான்.

மலையிறங்கிக் குளக்கரைக்கு வந்த நாளில் ஊரெல்லாம் வெடிச் சத்தம். உம்மா நிலத்தில் குந்திக் காதைப் பொத்திக்கொண்டார். தம்பி ஓடி வந்தான். பட்டாசுதான், சண்டை முடிந்துவிட்டதாம், சந்தியில் பாற்சோறு கொடுக்கிறார்களாம் என்றான். அவன் முகத்தில் சந்தோசமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்கும் பிடிபட்டிருக்காது. எனக்கு அவருடைய ஞாபகம்தான் வந்தது. பாதி ஆயுளை அந்த மனிதன் சோதனைச் சாவடி வரிசையில் நின்றே தொலைத்தார். மூட்டையை இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு. இன்னும் நாலு மாதம் அவரை விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று அல்லாஹ்வோடு கோபித்தேன். அடுத்த மூச்சில் தௌபா செய்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு குளக்கரையால் லொறியை எடுத்தேன்.

இத்தா முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சுமை இறக்கும் வளவுக்குள் லொறியைப் பின்னுக்கு எடுத்து, கோட்டுக்குள் விட வேண்டும். நான் இடப் பக்கம் திருப்பினால் பின்பெட்டி வலப் பக்கம் போகும். இரண்டு நாள் சுவரில் இடித்தேன். கச்சான் என்ற வெக்கைக் காற்று தொடங்கிவிட்டது, அறை அடுப்பாய்க் கொதித்தது, பெரிய காட் மூச்சிரைத்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்து வாசலில் வைத்துக் கைவிடுவேனோ என்று பயந்தேன். பிறகு அவர் ஒருநாள் சொன்னது ஞாபகம் வந்தது. பின்னுக்கு எடுக்கிறபோது அவசரப்படக் கூடாது, லொறிக்கு வெட்கம் வந்துவிடும். மெதுவாக, மெதுவாக எடுத்தேன். கடைசி நாள் அசரோடு, பெட்டி கோட்டுக்குள் போய் நின்றது. மேல் மூலையில் இருந்த அந்தச் சாமானின் பெயர் மறைந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"ஒழுங்கா நிக்குதா எண்டு பாப்பம்" என்று தம்பி எட்டி, வெளியே நின்று பார்க்கும் பொத்தானை அமுக்கினான்.

லொறியை முன்னால் இருந்து பார்த்தேன். சிவப்பு லொறி. ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. நெற்றியில் மஞ்சள் பலகை. பழைய காட்டில் அழுக்காய்க் கிடந்த அதே பலகை. அதில் இங்கிலீசில், பெரிய எழுத்தில், ஒரு பெண்ணின் பெயர்.

"என்ன எழுதியிரிக்கி?" என்றார் உம்மா. அவருக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது.

தம்பி திரைக்குக் கிட்டக் குனிந்தான். பிறகு வாசித்தான்.

என்னுடைய பெயர்.

கொம்பனிப் பேராக்கும் என்று சொன்னாரே, அந்தக் கள்ளன்! அந்தத் திரையில் வாசிக்க முடியாது என்று தெரிந்தும், மூன்று வருடம் அதை நெற்றியில் சுமந்துகொண்டு என் பக்கத்தில் இருந்து ஓடியிருக்கிறார். ஆலைக்காரருடைய லொறியைப் பதினைந்து வருடம் ஓட்டியவர், கடைசியில் என்னுடைய லொறியையும் றைவராகத்தான் ஓடியிருக்கிறார். அவருக்கென்று ஒரு சுமையும் மிச்சம் இருக்கவில்லை. அமானிதம் அமானிதம் என்று நான் உருகியதெல்லாம் என் சாமானுக்குத்தான். முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, கீழ்மாடிக்குக் கேட்கட்டும் என்று அழுதேன்.

உம்மா என் முதுகைத் தடவினார். திரையில் அடுத்து ஏற்ற வேண்டிய சுமைகளின் பட்டியல் வந்து நின்றது. தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சுவிட்சின் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"எல்லாம் இறக்கியாச்சு ராத்தா. ஓஃப் பண்ணட்டா?"

"கைய எடு" என்றேன். "லொறி என்ட. நான் சொல்லக்குள்ள நிப்பாட்டு."